ஒன்பதாவது தளத்தில் ஒரு கீறல்

தைட்சாங் துறைமுகத்தில் கப்பலுக்குள் கார் ஏற்றுகிற எங்கள் பன்னிரண்டு பேரில் லூ பெய்லான் அக்காதான் முதல் கை. அதை யாரும் மறக்க அவள் விட்டதில்லை. குன்ஷானில் பத்தொன்பது வருடம் பெட்ரோல் டாக்சி ஓட்டியவள். மின்சாரக் கார்கள் தலைகாட்டிய நாளில் டாக்சி ஸ்டாண்டிலேயே உரக்கச் சிரித்தது தான்தான் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

"ரைஸ் குக்கருக்கு நாலு சக்கரம் மாட்டியிருக்கானுங்க. மழையில ஏறாதீங்க, ஷாக் அடிக்கும்" என்று சவாரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாளாம்.

ஐந்தாறு வருடத்தில் ஊர் டாக்சிகள் முக்கால்வாசி குக்கராகிவிட்டன. செல்போனில் கூப்பிட்டால் வருகிற கார்கள் மிச்சமிருந்த சவாரியையும் தின்றன. புருஷன் முன்பே பிரிந்து போயிருந்தான். மகள் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். வண்டியை எடைக்குப் போட்டுவிட்டு, தான் கேலி செய்த அதே கார்களை அயல்நாட்டுக்கு ஏற்றி அனுப்புகிற வேலைக்கு அவள் வந்து சேர்ந்தாள். முதல் நாள் யாங்சி ஆற்றங்கரை மைதானத்தில், நாற்று நட்ட மாதிரி வரிசை வரிசையாக நின்ற கார்களைப் பார்த்து வாயடைத்துப் போனாள்.

"இத்தனையும் விக்குதா ஃபான்?" என்று என்னிடம் கேட்டாள்.

"இது இந்த வாரச் சரக்குக்கா. இந்தப் பக்கம் பிரேசில், அந்தப் பக்கம் பெல்ஜியம்."

அதற்குப் பிறகு அவள் குக்கர் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் வேலை பார்க்க எளிது. மோதிரம், கைக்கடிகாரம் கூடாது. பொத்தான் வெளியே தெரியாத சட்டை. காருக்குக் கீறல் விழக்கூடாதல்லவா? பன்னிரண்டு கார் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவுப்பாலம் ஏறி, கப்பலின் வயிற்றுக்குள் தளம் தளமாகச் சுற்றி மேலே போகும். அங்கே நிறுத்துமிடத்தில் ஒருவர் விசிலோடு நின்று கைகாட்டுவார்; விசில் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். பக்கத்துக் காருக்கும் நம் காருக்கும் ஒரு முஷ்டி இடைவெளிதான். நிறுத்திவிட்டு உடம்பை ஒடுக்கிக்கொண்டு இறங்கினால், வேன் வந்து எல்லோரையும் அள்ளிக்கொண்டு கீழே விடும். மறுபடி அடுத்த பன்னிரண்டு.

எங்களுக்குக் கைகாட்டியவர் மா ஷௌயி. காவோயூ ஊர்க்காரர், ஐம்பத்தெட்டு வயது, அதிகம் பேசாதவர். அக்காவுக்கு அவரைச் சீண்டாமல் ஒரு நாளும் போகாது.

"மா அண்ணே, நீங்க கையத் தூக்குறதுக்குள்ள நான் நிறுத்திட்டு ஒரு தூக்கமும் போட்டு எழுந்துருவேன்."

"தூங்கு தாயி. விசில் அடிச்சா மட்டும் முழிச்சுக்கோ" என்பார்.

அந்த ஜூன் மாதம் பிரேசில் கப்பல் ஒன்று நின்றது. அந்த நாட்டில் வரி ஏறப்போகிறது, அதற்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்று எங்களை விரட்டினார்கள். வயிறு நிரம்பச் சாப்பிட்ட மதிய வேளை. ஒன்பதாவது தளம். அக்காவின் கார் எனக்கு முன்னால். நிறுத்துமிடத்துக்குள் பின்னோக்கி நுழைந்துகொண்டிருந்தாள், வேகமாகவே. மா அண்ணன் விசில் அடித்தார். ஒருமுறை, உடனே இன்னொரு முறை. இரும்புச் சுவர்களில் பட்டு அது என் காதில் நன்றாக விழுந்தது. அக்கா நிறுத்தவில்லை. எஞ்சின் சத்தமே இல்லாத கார், துணி கிழிகிற மாதிரி ஓர் ஓசையோடு தூணில் உரசி நின்றது. வெள்ளைக் கதவில் முழங்கை நீளத்துக்குக் கீறல்.

டீம் லீடர் ஜின் ஓடி வந்தான். முப்பது வயசுக்காரன், முகம் வெளுத்திருந்தது.

"எப்படிக்கா? நீங்களா?"

அக்கா காரை விட்டு இறங்கி அந்தக் கீறலையே பார்த்தாள். பிறகு, "விசில் வரல" என்றாள்.

மா அண்ணன் அவளைப் பார்த்தார். கோபமாக இல்லை. தெரியாத பாஷையில் யாரோ பேசியதைக் கேட்டவர் போலப் பார்த்தார்.

"அடிச்சேனே... ரெண்டு தடவ..."

ஜின் என் பக்கம் திரும்பினான். "ஃபான், நீ பின்னாடிதானே இருந்த? கேட்டுச்சா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி சொல்லியிருப்பேன். "கவனிக்கல" என்றேன். அக்காவோடு தினமும் ஒரே வேனில் போக வேண்டும். ஒரு முஷ்டி இடைவெளியில் பின்னோக்கி நிறுத்த எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். இதெல்லாம் காரணமென்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மா அண்ணனைக் கப்பலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மைதானத்து வெயிலில், சார்ஜ் இறங்கிப்போன கார்களுக்கு ஒயர் மாட்டுகிற வேலை. ஒரு மாதம் செய்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார்.

அக்கா வேனில் பேசுவதைக் குறைத்தாள். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மூலை மேசைக்குப் போய்விடுவாள். நானும் அவளும் தனியாக எதிர்ப்பட்டால், இருவருமே செல்போனை எடுத்துப் பார்ப்போம்.

இலையுதிர் காலத்தில் புதிதாக இருபது ஓட்டுநர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி தர அக்காவைப் போட்டார்கள், கீறலே விழாத கை என்று. முதல் வகுப்பில் ஜின் சுவரில் படம் காட்டினான். அதே வெள்ளைக் கதவு.

"இது கைகாட்டுறவரோட அலட்சியம். வயசானவர், கவனம் போயிருச்சு. விசில் வரலன்னா என்ன பண்ணணும்னு பெய்லான் அக்கா சொல்வாங்க. வாங்கக்கா."

அவள் எழுந்து முன்னால் போனாள். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனது.

"விசில் வந்துச்சு" என்றாள்.

"என்னக்கா?"

"அவரு அடிச்சாரு. ரெண்டு தடவ. எனக்குக் கேட்டுச்சு. இந்த ஆளு என்ன எனக்குச் சொல்றதுன்னு திமிர்ல வந்தேன். அப்புறம் வரலன்னு பொய் சொன்னேன்."

ஒருவன் பின்வரிசையில் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். ஜின் அவளை வெளியே அழைத்துப் போனான். கதவுக்கு அப்பால் அவன் குரல் மட்டும் கேட்டது: "இருபது பேருக்கு முன்னாடியா? என்கிட்டத் தனியா சொல்லியிருக்கலாமில்ல?"

"தனியா சொல்லத்தான் மூணு மாசமா பாத்தேன். வாய் வரல."

பயிற்சிக்கு உதவியாக நானும் அறையில்தான் இருந்தேன். எழுந்து "எனக்கும் கேட்டுச்சு" என்று சொல்ல அதுதான் நேரம். நாற்காலி நுனிவரை வந்தேன். அவ்வளவுதான்.

பயிற்சி வேலை போனது. அவளையும் மைதானத்தில் ஒயர் மாட்ட விட்டார்கள். முதல் வாரமே ஒரு கார் நிழலில் உட்கார்ந்து மா அண்ணனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். நான் பக்கத்துக் காரில் இருந்தேன். போகச் சொல்வாளென்று பார்த்தேன், சொல்லவில்லை. அவர் ஊர்ப்பக்கம் நெடுஞ்சாலையோரம் ஒரு சார்ஜிங் நிலையத்தில் வேலை பார்க்கிறாராம். பின்னணியில் யாரோ வரிசைக்குச் சண்டை போடும் சத்தம்.

அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"நிஜமாவே அடிச்சேனா?" என்று கேட்டார்.

"அடிச்சீங்க அண்ணே."

"எனக்கே சந்தேகம் வந்துருச்சும்மா. நீ பொய் சொல்ற ஆளு இல்லையே, நாமதான் அடிச்ச மாதிரி நெனச்சுக்கிட்டமோன்னு. வீட்டுக்காரி காது டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. காது நல்லாத்தான் இருக்குன்னாரு. அப்ப மூளைதான்னு மூளை டாக்டர்கிட்டயும் போனோம்."

அக்கா வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

"திரும்பி வாங்கண்ணே. நான் ஜின்கிட்டப் பேசுறேன்."

"வேணாம். இங்க யாருக்கும் கைகாட்ட வேண்டியதில்ல" என்றார். பிறகு, "சொன்னியே, அது நல்லது. அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்" என்று வைத்துவிட்டார்.

புத்தாண்டு வசந்த விழா விடுமுறையில் அவள் காவோயூவுக்குப் போனாள். "நீயும் வர்றியா ஃபான்?" என்று கேட்டாள். எனக்கும் விசில் கேட்டது அவளுக்குத் தெரியும் என்று அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்தது. மாமனார் வீட்டுக்குப் போக வேண்டுமென்றேன். அங்கேயும் போகவில்லை.

திரும்பி வரும்போது மா அண்ணன் மனைவி கொடுத்தனுப்பிய உப்பில் ஊறிய வாத்து முட்டைகளைக் கொண்டுவந்து வேனில் எல்லோருக்கும் பங்கிட்டாள். ஆளுக்கு இரண்டு. என் பங்கையும் கையில் வைத்தாள். இரண்டையும் அன்றே சாப்பிட்டுவிட்டேன். மா அண்ணனுடைய போன் எண் என்னிடமும் இருக்கிறது, இன்னும் கூப்பிடவில்லை.