படகு டிரெய்லரும் அம்மாவின் பிறந்த வீடும்

பிரேக் ஆயிலுக்கு ஓர் அசட்டு இனிப்பு வாசனை உண்டு, விளக்கெண்ணெயில் சர்க்கரையைப் போட்டுக் காய்ச்சின மாதிரி. ஐப்பசி பிறப்பதற்கு முந்தின நாட்களில் அம்மா சோறு உருட்டிக் கொடுத்தால் அந்த வாசனை சோற்றிலும் ஏறியிருக்கும், சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் கையை விட்டுப் போகாது. விருத்தாசலத்தில் கடலா இருக்கிறது, உங்கள் வீட்டு வாசலில் படகு எதற்கு என்று எங்களைக் கேட்காதவர்கள் கிடையாது. அப்பா கடலூர்ப் பக்கம் ஏலத்தில் எடுத்துவந்த பழைய ஃபைபர் படகு அது, அதை ஏற்றிப்போக ஒரு டிரெய்லர். மழைக்காலத்தில் வெள்ளாறு கரை மீறினால் ஊர்கள் துண்டாகிப்போகும். அப்போது ஆட்களை ஏற்றி இறக்க அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற மாதங்களில் படகுக்குள் கோழி முட்டையிட்டுக்கொண்டிருக்கும்.

அந்த டிரெய்லருக்குத் தனியாக பிரேக் உண்டு. முன்னால் போகிற ஜீப் வேகம் குறைந்தால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். அந்தத் தள்ளலே கொக்கிக்குப் பக்கத்திலுள்ள சிலிண்டரை அமுக்க, அதிலிருந்து ஆயில் சின்னக் குழாய் வழியாக ஓடிச் சக்கரத்தைப் பிடிக்கும். தண்ணீரில் இறங்கி ஏறுகிற வண்டிக்குக் குழாய் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால், வருஷா வருஷம் அப்பா கோணியை விரித்து அடியில் படுத்து, கம்பி பிரஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, ரப்பர் ஓஸை வளைத்து வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்த்து, கடைசியில் எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளிப் பெயிண்டை அடித்துவிடுவார். அதற்கப்புறம் "காத்து எடுக்கிறது". குழாய்க்குள் காற்று நின்றால் பிரேக் பிடிக்காது. அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையால் நெம்பி சிலிண்டரை அமுக்கிப் பிடிக்க, அப்பா சக்கரத்தருகே "நிப்பிளை"த் திருகிக் காற்றை வெளியே விடுவார்.

"புடிச்சியா?"

"புடிச்சிட்டேங்க."

"வுடாத... வுடாதடி... ம், இப்ப வுடு."

மற்ற வீடுகளில் புருஷனும் பெண்சாதியும் கோயிலுக்காவது சேர்ந்து போவார்கள். எங்கள் வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்து நான் பார்த்த காரியம் இது ஒன்றுதான்.

எங்களுடையது பீங்கான் ஊர். மூடி கோணினது, பூச்சில் புள்ளி விழுந்தது என்று கழிக்கிற "செகண்ட்ஸ்" ஜாடிகள் சூளையிலிருந்து வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்துவிடும். உப்பு, புளி, நார்த்தங்காய், மண்ணெண்ணெய் வரைக்கும் எங்களுக்கு ஜாடிதான். அப்பா பிரேக் ஆயில் டின்னைத் திறந்தவுடனே அதையும் ஒரு ஜாடியில் கவிழ்த்து, மூடி சரியாக உட்காராது என்பதால் பழைய வேட்டித் துணியால் வேடு கட்டி வைத்துவிடுவார். டின் துருப்பிடிக்கும், பீங்கான் பிடிக்குமா என்பது அவர் கட்சி. எங்கள் தெருவில் வண்டி வைத்திருந்த மற்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள். மிஞ்சின ஆயில் அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.

ஒரு வருஷம் அம்மா வேட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, நெறமே மாறிப்போயி டிகாஷனாட்டம் இருக்குது. வேடு கட்டி வெச்ச உப்பே மழைக்காலத்துல தண்ணி வுடுது, இது மட்டும் வுடாதா? புதுசு ஒண்ணு வாங்கியாங்க" என்றாள்.

"ஜாடியில ஊறுகாயே மூணு வருசம் கெடாம இருக்குது. நீ என்னா பெரிய மெக்கானிக்கா? அமுக்கச் சொன்னா அமுக்கு."

அம்மா அமுக்கினாள்.

மழை கொட்டியது. கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்தில் ஒரு தெருவே தண்ணீரில் நிற்கிறது என்று ஆள் வந்தது. அப்பா ஜீப்பை எடுத்தார், ஒத்தாசைக்கு மாமாவும் போனார். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி, வேப்பூரிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்தார். மங்கலம்பேட்டை சிநேகிதர்களோடு குவைத்துக்குப் போக மெடிக்கல் எல்லாம் முடித்து, விசாவுக்குக் காத்திருந்த நேரம். ஆற்றுக்கரைச் சரிவில் இறங்கும்போது அப்பா பிரேக்கை மிதித்தார், டிரெய்லர் பிடிக்கவில்லை. படகின் கனத்தோடு அது ஜீப்பைத் தள்ளிக் களிமண்ணில் கோணிக்கொள்ள, சக்கரத்துக்குக் கட்டை போடக் கூடவே நடந்துவந்த மாமாவின் காலில் ஏறி நின்றது. பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், வேப்பூர் சனம் அத்தனை பேரும் கூடியிருந்த இடத்தில், அப்பா தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: "காத்து சரியா எடுக்கல. அமுக்கிப் புடிடின்னா பராக்குப் பாத்துக்கினு வுட்டுட்டா. பொம்பளைய நம்புனேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்."

அடப் பாவி மனுஷா! டிரெய்லரை வீட்டுக்கு இழுத்துவந்து நிறுத்தியபோது நானே பார்த்தேன்: வெள்ளிப் பெயிண்டுக்கு அடியில் குழாய் வெடித்திருந்தது, வெடித்த வாயிலிருந்து செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரி ஆயில் சொட்டியது. வெளியே தேய்த்துத் தேய்த்து மினுக்கின குழாயை, ஆயிலில் ஊறின தண்ணீரால் உள்ளேயிருந்து துரு தின்றிருக்கிறது. காற்று நின்றிருந்தால் குழாய் எதற்கு வெடிக்கிறது? சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது, "ஆயிலுதான் கெட்டுப் போச்சி, அம்மா அப்பவே சொன்னாங்க" என்று நான் கத்தினேன். சொன்ன வாய் மூடுவதற்குள் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அறைந்தது அப்பா இல்லை, அம்மா. "பெத்த அப்பனையே குத்தம் சொல்ல வந்துட்டியா நீ?" அந்த அறைக்காக அம்மாவை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அதோடு அவளுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போயிற்று. பொங்கலுக்கு வருகிற சீர் நின்றது. தம்பி காலை வாங்கினவள் என்கிற பேர் மட்டும் நிலைத்து நின்றது. ஒரு தடவை கோழிக்குழம்பு வைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு வேப்பூருக்கு பஸ் ஏறினாள். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், கடைசி வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குழம்போடு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தோம். அப்புறம் அம்மா போகவில்லை, "தம்பி" என்கிற வார்த்தையைக்கூட வீட்டில் சொல்லவில்லை. எல்லோரும் சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவளே நம்பிவிட்டாள், மழை பெய்தால் "அன்னைக்கு நான்தான் கைய வுட்டுட்டேன் போல" என்பாள்.

படகும் டிரெய்லரும் இரும்பு விலைக்குப் போய் எத்தனையோ காலம் ஆகிறது. அவை நின்ற இடத்தில் இப்போது வாடகைக்கு விட்ட செல்போன் கடை இருக்கிறது. போன வருஷம் அம்மா செத்துப்போனாள். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வந்து மேலே போர்த்தவேண்டும். யார் கொண்டுவரப்போகிறார்கள், கடையில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தபோது, மாமா கட்டைக்காலோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார், கையில் மஞ்சள் பைக்குள் கோடிப்புடவை. போர்த்திவிட்டு நிமிர்ந்தவரைப் பின்பக்கம் கூட்டிப்போய் இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்ததைக் கொட்டினேன். ஆயில், குழாய், துரு, எல்லாம்.

"தெரியும் பாப்பா" என்றார் மாமா. "கொழா வெடிச்ச சத்தம் என் காதுல வுழுந்துது. அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் மாமா வரல?"

"மச்சான்தான் காரணம்னு நான் ஒரு வார்த்த சொன்னா எங்க ஆளுங்க அவரச் சும்மா வுட்டிருப்பாங்களா? அப்புறம் எங்க அக்கா யார் வூட்ல வாழும்? வந்தா வாய வுட்ருவேன்னுதான் வராம கெடந்தேன்."

"அம்மாகிட்ட மட்டும் ரகசியமா சொல்லியிருக்கலாமே. போன்லகூடவா முடியல?"

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்பக்கத்தில் துக்கம் கேட்க வந்தவர்களிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது: "வேலையில நல்ல சூட்டிக்கையானவ. அந்த ஒரு நாளுதான் கைய வுட்டுட்டா."

தம்பியின் காலைத் தானேதான் வாங்கினோம் என்று நம்பிக்கொண்டிருந்த அம்மாவை, அந்தத் தம்பி கொண்டுவந்த கோடியோடு மணிமுத்தாற்றங்கரையில் எரித்துவிட்டு வந்தோம்.