பவானி அக்கா சுற்றி விரித்த பந்தல்

அன்புள்ள மதி அக்கா,

இவ்வளவு பிந்திய இரவில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அபி இப்போதுதான் நித்திரையானாள். பவானி அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி நீங்கள் கேட்டு இரண்டு கிழமையாகிறது. நான்கு தரம் தொடங்கிக் கிழித்துவிட்டேன். எழுத இருந்தால், உங்களிடம் கேட்க வேண்டிய ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. அக்கா விழுந்த நேரம் பந்தலைச் சுற்றும் கைப்பிடி அவர் கையில் இருந்ததா? அதுதான். கேட்டுவிட்டேன். இனி மற்றதை எழுத முடியும் என்று நினைக்கிறேன்.

அந்த ஞாயிறு காலை நீங்கள் தொலைபேசி எடுத்தபோது அபிக்கு முட்டை தீத்திக்கொண்டிருந்தேன். "சுதா, ஆராவது பக்கத்திலை நிக்கினமோ?" என்று கேட்டீர்கள். அப்போதே கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "ஏரிக்கரையிலை காத்து எழும்பிட்டுது, எல்லாரும் சாமான் ஒதுக்கிக்கொண்டு நிண்டனாங்கள், அக்கா வண்டிக்குப் பக்கத்திலை விழுந்திட்டா" என்றீர்கள். இதயம் என்று பிறகு சொன்னார்கள். ஐம்பத்து மூன்று வயது. நான் அழவில்லை. "நாளைக்கு இஞ்சை வாறன் எண்டு சொன்னவ எல்லோ?" என்று உங்களிடம் சண்டை பிடிப்பதுபோலக் கேட்டேன். அபி மிச்ச முட்டையைத் தன் பாட்டில் மேசையில் அப்பிக்கொண்டிருந்தாள்.

மலரை வாசிப்பவர்களில் பலருக்கு அக்காவை முதியோர் இல்லத்து வேலையில் தெரியும், அல்லது ஹம் நகரத்துக் கோயிலில் தெரியும். எனக்கு அவர் மேல்மாடியில் குடியிருந்தவர். கலியாணம் முடித்து ஒரு பட்டத்தோடும் ஒரு சூட்கேஸோடும் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்து இறங்கியவள் நான். அபி பிறந்த பிறகு என் பயம் வீட்டுக்குள் இன்னொரு ஆள் மாதிரி இருந்தது. அரை மணிக்கொரு தரம் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பேன். ஒருநாள் அக்கா வந்து என் காய்ச்சல்மானியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது என்ரை வீட்டிலை இருக்கட்டும். வேணுமெண்டால் படியேறி வா. ஏறி வாறதுக்குள்ளை பாதிப் பயம் போயிடும்."

முதல் நாள் பதினொரு தரம் ஏறினேன். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து, "வாங்கோ டொக்டர்" என்றார். நாங்கள் பான் நகரத்துக்கு வீடு மாறும்போதுதான் அதைத் திருப்பித் தந்தார்.

பிறகு அந்த வண்டி வந்தது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள பழைய வோன்மொபில். அக்காவின் கணவர் குணம் அண்ணை எங்கோ தேடிப் பிடித்தது. அதன் பக்கவாட்டில், கூரையோரத்திலிருந்து விரிகிற துணிப் பந்தல் கிழிந்துபோய் இருந்தது. ஜெர்மன்காரர் அதை மார்கீஸ என்பார்கள், அக்காவுக்கு அது பந்தல்தான். பந்தல் இல்லாமல் அவருக்கு வண்டி இல்லை. உள்ளே வடை சுட்டால் மெத்தையெல்லாம் எண்ணெய் மணக்கும் என்று வெளியில்தான் அடுப்பு வைப்பார். புதிதாக ஒன்று பூட்டக் கடைக்குப் போனபோது, "கடுதாசியிலை எழுதிற ஜெர்மன் உனக்குத்தான் ஓடும்" என்று என்னையும் கூட்டிப்போனார். இடுப்பில் அபி.

கடைக்காரர் இரண்டு வகையையும் விரித்துக் காட்டினார். ஒன்று, நீண்ட கைப்பிடியைக் கொளுவிச் சுற்றிச் சுற்றி விரிப்பது. மற்றது பொத்தானை அமத்தினால் மோட்டாரில் தானே விரிவது. அக்கா பொத்தானைவிட்டுக் கை எடுக்கவில்லை. விரித்தார், சுருக்கினார், மறுபடி விரித்தார். பதினெட்டு வருடம் முதியவர்களைத் தூக்கித் தூக்கி அவருடைய வலத் தோள் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாய் திறந்தேன்.

"அக்கா, அந்தக் கம்பி மடியிற இடத்திலை அபி கை வைச்சால்?"

"ஏன் வைக்கிறாள்?"

"அவள் எல்லாத்துக்குள்ளையும் வைப்பாள். கையாலை சுத்திறதெண்டால் நாங்கள் நிப்பாட்ட நிக்கும். மோட்டார், பிள்ளை கத்தினால் நிக்குமோ?"

பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் மோட்டார் நின்றுவிடும், பொத்தானும் பிள்ளைக்கு எட்டாது என்று கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். நான் கேட்கவில்லை. ஒரு விரல் போனால் போனதுதானே என்றேன். அக்கா சிரித்தார். "உன்னோடை மோட்டாருக்கும் ஏலாது பிள்ளை."

அடுத்த மாதம் வண்டியில் பூட்டியிருந்தது கைப்பிடிப் பந்தல். "ஏன் அக்கா, தோள் நோகாதோ?" என்று நான்தான் கேட்டேன். வெட்கமில்லாமல். அதற்கு அவர் சொன்னது இது: "பொத்தானை அமத்திக்கொண்டு நிண்டால் ஆர் கிட்ட வருவினம்? சுத்திக்கொண்டு மூச்சு வாங்கினால்தான் பக்கத்து வண்டிக்காரன் உதவிக்கு வருவான். வந்தால் வடை குடுக்கலாம். குடுத்தால் பழக்கமாயிடும்." நான் நம்பிவிட்டேன். ஊரெல்லாம் சொல்லியும் திரிந்தேன்.

நம்பாமல் என்ன செய்வது? அது நடந்தும் காட்டியது. கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு நாங்கள் எல்லோரும் போன கோடை உங்களுக்கு நினைவிருக்கும். வாய்க்காலில் நனைந்த ஏழு பருத்திச் சேலைகளையும் பிழிந்தும் பிழியாமலும் விரித்த பந்தலின் முன் கம்பியில் போட்டோம். நல்ல கொடி கிடைத்தது என்று சந்தோஷம் வேறு. அரை மணியில் பந்தலைத் தாங்கும் மடிப்புக் கம்பி ஒன்று மடியும் இடத்தில் வளைந்து இறங்கிவிட்டது. அடுத்த வண்டியிலிருந்த தாடிக்காரர் ஓடிவந்து, "அம்மணி, இது உடுப்புக் காயப்போடும் கொடி இல்லை!" என்று ஜெர்மனில் கத்தினார். அக்கா அதே ஜெர்மனில், "இப்ப அது எங்களுக்கும் தெரியும். வடை சாப்பிடுறீங்களா?" என்றார். அவர் கம்பியைத் தோளில் தாங்க, குணம் அண்ணை துணியைத் தள்ள, அக்கா ஒவ்வொரு சுற்றாகச் சுற்றி அதை உள்ளே கொண்டுவந்தார். மோட்டார் என்றால் எரிந்திருக்கும் என்று தாடிக்காரர் சொன்னதும் அக்கா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அந்த நேரமும் இடக்கையால் வலத் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். இப்போது நினைத்தால் அது மட்டும்தான் தெரிகிறது.

செத்தவீட்டுக்கு அடுத்த நாள் குணம் அண்ணை வண்டியின் கோப்பைத் தந்து, காப்புறுதிக் கடிதத்தைத் தேடித் தரச் சொன்னார். அதற்குள் பந்தலுக்கு ஓடர் கொடுத்த படிவம் இருந்தது. மோட்டார் என்ற கட்டத்தில் அக்கா போட்ட புள்ளடிக் குறி. பிறகு அதை வெட்டி, கைப்பிடி என்ற கட்டத்தில் இன்னொரு புள்ளடி. பக்கத்தில் அக்காவின் சின்னக் கையெழுத்து. நாங்கள் கடைக்குப் போய் வந்த இரண்டாம் நாள் திகதி.

"அவ கரண்ட் பந்தல்தான் வேணுமெண்டு ஒற்றைக்காலிலை நிண்டவ" என்றார் அண்ணை. "தோளாலை ஏலாது எண்டு. பிறகு மாத்திப் போட்டா. ஏனெண்டு கேட்டதுக்கு, 'வண்டியிலை சின்னப் பிள்ளையும் வாறதெல்லோ' எண்டவ."

அவருக்கு அதன் பொருள் தெரியாது. நான் கோப்பை மூடிக் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

மதி அக்கா, ஒருவர் தனக்கு வேண்டியதை இன்னொருவருக்காக விட்டுக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். விட்டுக்கொடுத்தது அந்த ஆளுக்குத் தெரியக்கூடாது என்று வடையையும் பக்கத்து வண்டிக்காரனையும் வைத்து ஒரு காரணம் கட்டி, அதை நான்கு கோடையாகச் சிரித்துக்கொண்டே சொல்லிவந்த ஒரே ஆள் பவானி அக்கா. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பொய். அதை வைத்திருக்கிறேன். எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை.

மேலே உள்ளதில் எது மலருக்கு ஏற்றதோ அதை எடுங்கள், மற்றதை விடுங்கள். ஆனால் அன்று காற்று எழும்பியபோது அக்காவுக்குக் கிட்ட நின்றவர் நீங்கள். குணம் அண்ணை தண்ணீர் எடுக்கப் போயிருந்தாராம், அவரிடம் இதைக் கேட்க எனக்கு வாயும் வராது. அக்கா பந்தலைச் சுற்றி உள்ளே எடுத்துக்கொண்டு நின்றாரா, அல்லது சும்மா நின்றாரா? சுற்றிக்கொண்டு நின்றார் என்றால் அப்படியே எழுதுங்கள். என்னைத் தேற்றுவதற்காக மாற்றி எழுத வேண்டாம். அக்கா எனக்காக ஒருமுறை அதைச் செய்துவிட்டார்.

தயவுசெய்து விரைவில் பதில் எழுதுங்கள்.

சுதா