துணை வந்தவருக்கான படிவம்

பாளையங்கோட்டையில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த மனநல மருத்துவ நிலையத்தில், சண்முகசுந்தரி 1991 முதல் எட்டு ஆண்டுகள் சமூகப் பணியாளராக இருந்தார். அங்கே நான் பதிவெழுத்தராக இருந்தமையால், அவர் பணிசெய்த முறையை அருகிலிருந்து அறிவேன்.

போதைப் பழக்கத்துக்காகவோ மனநலக் குறைவுக்காகவோ அழைத்துவரப்படும் இளைஞர்களிடம் ஒரு படிவத்திலுள்ள முப்பத்தாறு கேள்விகளைக் கேட்டு, அவர்களுக்கு என்ன தேவை என்று அறிக்கை எழுதுவது அவர் பொறுப்பு. மருத்துவர் அதை வைத்தே முடிவு செய்வார்.

1993இல் ஆழ்வார்குறிச்சியிலிருந்து கணேஷ்ராம் என்னும் பதினேழு வயது மாணவனை அவன் தந்தை அழைத்துவந்தார். நம் பக்கத்து வழக்கப்படி தந்தை நாற்காலியில் அமர, மகன் பின்னால் நின்றான். கேள்வி மகனுக்கு, விடை தந்தையிடமிருந்து வந்தது. "நல்லா சாப்பிடுதான், நல்லா தூங்குதான். சேர்க்கைதாம்மா சரியில்ல." மகன் தலையை மட்டும் அசைத்தான். எல்லாக் கேள்விக்கும் குறையில்லை என்றே குறித்து, உடனடித் தேவை எதுவுமில்லை எனச் சண்முகசுந்தரி கையொப்பமிட்டார். பதினோராம் நாள் அந்தப் பையன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

அவரை எவரும் குற்றம் சொல்லவில்லை. அவர் மட்டும் அப்படிவத்தைப் பதிவறைக்கு அனுப்ப மறுத்து, தம் கோப்பின் முதல் தாளாக வைத்துக்கொண்டார். நான் விதியைச் சொல்லி இருமுறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்கவில்லை.

அதன்பின் பிள்ளைகளைத் தனியே விசாரிக்க முயன்றார். "எனக்குத் தெரியாம எம்மவங்கிட்ட என்ன ரகசியம்?" என்று கோபித்துத் திரும்பிப் போன தந்தையரும் உண்டு. ஆனால் அவர் ஒன்றைக் கவனித்தார்: அலுவலகத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால், எத்தனை கோபக்காரரும் அதை நிரப்பி முடிக்காமல் எழுவதில்லை. ஆகவே 'துணை வந்தவருக்கான படிவம்' ஒன்றைத் தாமே இயற்றினார். அதில் நாற்பது கேள்விகள். அடுத்த அறையில் மேசை போட்டோம். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதினேன். பிள்ளையோடு தனியே பேச அரை மணி நேரம் கிடைத்தது. அந்தப் படிவத்தின் பயன் அவ்வளவே என்று நினைத்திருந்தோம்.

1996 ஆகஸ்டில் மேலப்பாளையத்து ஜவுளி வியாபாரி பீர் முகம்மது, பத்தொன்பது வயது மகன் அஃப்சலுடன் வந்தார். மகனின் கட்டிலுக்கடியில் இருமல் மருந்துக் குப்பிகள் ஒரு பை நிறையக் கிடந்தனவாம். வெள்ளிக்கிழமை அவனுக்குத் துபாய்ப் பயணம். பழக்கம் நின்றுவிட்டது என்று சான்று கொடுத்தால், அங்குள்ள மைத்துனர் அவனை வேலையில் சேர்த்துக்கொள்வார்.

படிவத்தைக் கண்டதும், "பரிட்சை இவனுக்குன்னுல்லா கூட்டியாந்தேன். எனக்குமா?" என்றார்.

"மார்க்கு யாரும் போட மாட்டாங்க அண்ணாச்சி. அங்கன உக்காந்து பைய எழுதுங்க" என்றார் சண்முகசுந்தரி.

தனியே இருந்தபோது அஃப்சல் பேசினான். பங்குனியில் அவன் அண்ணன் விபத்தில் இறந்ததிலிருந்து தூக்கமில்லை. மருந்தைக் குடித்தால் இரண்டு மணி நேரம் கண் அயரும். "அங்க போயிட்டா உம்மா பாக்காம முடிச்சிக்கிடலாம்னு இருக்கேன்" என்றான்.

"வாப்பாகிட்ட இதைச் சொல்லியே ஆகணும், அஃப்சல். நீ பக்கத்துலயே இரு. நான் சொல்லுதேன்."

சான்று தர இயலாது என்று கேட்டவுடன் பீர் முகம்மது எழுந்தார். "வேற டாக்டர்ட்ட வாங்கிக்கிடுதேன். லே, வா."

"படிவத்தைக் கொடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி" என்றார் சண்முகசுந்தரி.

அவர் கொடுக்காமல் கையிலிருந்த தாளையே பார்த்தார். பெயர், வயது, முகவரி ஆகிய மூன்று வரிகளே நிரம்பியிருந்தன. 'மகன் எத்தனை மணிக்குத் தூங்குகிறார்?' 'கடைசியாக எதற்குச் சிரித்தார்?' எதற்கும் விடையில்லை.

"கடையில எந்தத் துணி எந்தத் தட்டுல இருக்குன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்" என்றார் மெல்ல. "இதுல ஒண்ணுகூடத் தெரியலயேம்மா."

சண்முகசுந்தரி அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். அஃப்சல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பீர் முகம்மது அவன் கையைப் பிடித்தவர், மருத்துவர் கூப்பிடும்வரை விடவில்லை.

வெள்ளிக்கிழமை விமானத்தில் அஃப்சல் ஏறவில்லை. பத்து மாதங்கள், புதன்தோறும் இருவரும் வந்தனர். நாங்கள் கொடுக்காமலேயே தந்தை ஒரு புதிய படிவம் கேட்டு வாங்குவார். கடைசிப் படிவத்தில் தூக்கத்துக்கு நேரே இப்படி எழுதியிருந்தார்: 'பத்தே கால். பார்த்துவிட்டுத்தான் நான் படுத்தேன்.'

1999இல் விடைபெறும்போது சண்முகசுந்தரி தம் கோப்பை என்னிடம் ஒப்படைத்தார். எல்லாத் தாள்களையும் பதிவேட்டில் ஏற்றினேன். கணேஷ்ராமின் தாளை மட்டும், விதிக்கு மாறாக, அந்தக் கோப்பின் முதல் தாளாகவே விட்டுவைத்தேன்.