அரை அடி பின்னால் நின்றவன்

எம்.எல்.ஏ.வின் பி.ஏ. என்றால் கோப்பு தூக்குகிறவன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் வேலையில் பாதி, காதில் பெயர் சொல்வது. யாரிடமாவது பி.ஏ.வாகக் குப்பை கொட்டியவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

காலைப் பேப்பர்

திருவனந்தபுரத்தில் ஒரு எம்.எல்.ஏ. சட்டசபைக்குப் போகாமல் இருந்தாலும் இருக்கலாம், சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. காலையில் பேப்பர் வந்ததும் மரண அறிவிப்புப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பேன். நம் தொகுதிப் பெயர்களைக் குறித்து, எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று முடிவு செய்வேன். சார் முன்னால் நடப்பார். அரை அடி பின்னால் நான். பெயரைச் சொல்லி, "மூத்த மகன், கல்ஃபிலிருந்து வந்திருக்கார்" என்று முணுமுணுப்பேன். அடுத்த நொடி சார் அவன் தோளில் கைபோட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

ஆரம்பத்தில் இதெல்லாம் அவருக்குத் தேவையே இல்லை. சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர். மூட்டை தூக்குகிறவர் வரை எல்லோருடைய பெயரும் தெரியும். நான் சொல்ல வாயெடுத்தால், "எனக்குத் தெரியும்டே, நீ சும்மா வா" என்பார்.

கல்லாற்றில் கல்யாணம்

மூன்றாவது முறை ஜெயித்த பிறகு ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. கல்லாற்றில் டீக்கடை வைத்திருக்கும் தாணுவின் மகளுக்குக் கல்யாணம். சாரின் முதல் தேர்தலில் கூடவே அலைந்து போஸ்டர் ஒட்டியவர் தாணு. போகும் வழியில், எங்கே போகிறோம் என்று சார் மூன்று தடவை கேட்டார். அங்கே போனதும் நான் பெயரைச் சொல்ல, சார் இரண்டு கையையும் கூப்பி, "சுகம்தானே தாணு சார், உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றார்.

தாணு சிரித்தபடியே பந்தி வரை கூட்டிப்போனார். கார் கிளம்பும்போது என் பக்கத்து ஜன்னலில் குனிந்து சொன்னார்: "சாருக்கு என்னைத் தெரியலே, அல்லே?"

அசதி என்று சொல்லிச் சமாளித்தேன். சாருடைய மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். தேர்தலுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. சார் நின்றால்தான் எனக்கு வேலை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

ஆரியசாலை வீடு

ஆரியசாலையில் பருப்பு மொத்த வியாபாரம் செய்த அண்ணாச்சி ஒருவர் இறந்தார். சார் போய் மலர்வளையம் வைத்து அழுதார். பழைய சிநேகிதம். பத்து நாள் கழித்து அந்தத் தெருவில் மழைநீர் வடிகால் திறப்பு விழா. முடிந்ததும் சார் யாரிடமும் கேட்காமல் அந்த வீட்டுக்குள் நுழைந்தார். நான் போனில் பேசிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

உள்ளே ஓடியபோது அண்ணாச்சியின் மனைவியிடம் சார் கேட்டுக்கொண்டிருந்தார், "அண்ணாச்சி எங்கே?" அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு சாருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "கடைக்குப் போயிருக்காவ சார். வந்தா நீங்க வந்தீங்கன்னு சொல்லுதேன்."

ஜில்லா செக்ரட்டரி வந்த அன்று

அடுத்த வாரம் கட்சியின் ஜில்லா செக்ரட்டரி வீட்டுக்கு வந்தார். வேட்பாளர் பட்டியல் தயாராகிறது, நாலாவது முறையும் சார்தான் என்று கட்சி நினைக்கிறது. "ஆரோக்கியம் எப்படி? நிக்கலாம் அல்லே?" என்று கேட்டார்.

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பழக்கதோஷம், நான் குனிந்து, வந்திருந்தவரின் பெயரைக் காதில் சொன்னேன். சார் என் தோளைப் பிடித்து மெல்லத் தள்ளினார். அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

"பேரு வேண்டாம்டே. அவரு கேட்டதுக்குப் பதில் சொல்லு. எனக்குச் சொல்ல வாய் வரலே, நீ சத்தமா சொல்லு."

சொன்னேன். தாணுவிடம் கேட்டதிலிருந்து ஆரியசாலை வீடு வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

பதினைந்து வருட பி.ஏ. வேலையில் நான் நாலு பேர் காதில் விழும்படி பேசியது அந்த ஒரே ஒரு தடவைதான், அத்தோடு சாருக்கும் பதவி போயிற்று, எனக்கும் வேலை போயிற்று.