மவுண்டன் எங்களுக்குப் பங்காளி இல்லை

எனக்குத் தற்பெருமை அதிகம் என்று எங்கள் உறவில் ஒரு பேச்சு உண்டு. மறுக்க மாட்டேன். ஓய்வு பெறும்வரை ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த நான், அதே இங்கிலீஷில் எஸ்.எஸ்.எல்.சி. தேறாமல் கல்யாணமாகி வந்தவள். காலை வாரிவிட்ட பாடத்தையே கட்டிக்கொண்டு டீச்சர் ஆனவள் பெருமை பேசாவிட்டால் வேறு யார் பேசுவது? ஆனால் இந்தப் பெருமையில் எனக்குப் பாதிதான் பங்கு. மீதி என் மாமியாருடையது. அதை அவர் இருந்தபோது நேரில் சொன்னதில்லை, சொன்னால் தலைக்கு ஏறிவிடும் என்று.

எழுபதுகளின் தொடக்கம். சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாலாஜாபாத் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், ஏரிக்கரை மேலேறி நடந்தால் எங்கள் ஊர். இன்றைக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கிற இடத்தில் அன்று வேர்க்கடலை போட்டிருந்தார்கள். என் கணவருக்குக் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும் என்பதால் அங்கேயே அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, வார லீவுக்கு மட்டும் வருவார். மாமனார் என் கணவரின் சின்ன வயதிலேயே காலமாகிவிட்டார். வீடு, நிலம், மாடு எல்லாம் மாமியார் ராஜ்ஜியம்.

நான் டீச்சர் ட்ரெயினிங் போக ஆசைப்பட்டேன். அதற்கு முதலில் அந்தப் பாழாய்ப்போன இங்கிலீஷ் பேப்பரை எழுதித் தேற வேண்டும். தயங்கித் தயங்கி மாமியாரிடம் கேட்டேன். அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஒரே ஒரு தபா எய்து. பாசானா ட்ரெயினிங் போ. கோட்டை வுட்டா, புஸ்தகத்தயெல்லாம் கட்டிப் பரண் மேல போட்டுட்டு, களைக்கொத்த எடுத்துக்கினு என்னோட கடலைக் கொல்லைக்கு வா. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே வரக் கூடாது.”

“சரிங்க அத்தை” என்றேன். வார்த்தை என்றால் வார்த்தை. எனக்கும் ரோஷம் உண்டு.

கிண்டியில் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டிருந்த ஒரு டிக்‌ஷனரியை என் கணவர் வாங்கிவந்தார். அட்டை கிடையாது. சுருக்கக் குறிகளுக்கு விளக்கம் போட்டிருந்த முன்பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் போட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்றும் போட்டிருந்தார்கள். முக்கால்வாசி இடத்தில் எல் என்ற ஒற்றை எழுத்து இருந்தது. லண்டனிலிருந்து வந்த சொற்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ அக்கா பார்த்துவிட்டுச் சிரியோ சிரியென்று சிரித்தார். “லண்டன் இல்லம்மா, லத்தீனு. முந்தியெல்லாம் கோயில்ல பூசையே அந்தப் பாஷையிலதான். அர்த்தம் தெரியாமலே பாடிக்கினு கெடந்தோம்” என்றார்.

நான் படிக்கும்போது மாமியார் எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பார். சத்தமாகப் படித்தால் காது வலிக்கிறது என்பார். மனசுக்குள் படித்தால் தூங்குகிறாயா என்பார். ஒருநாள் அவரே ஆரம்பித்தார்.

“எம் புள்ள மெயிண்டனன்ஸ்ல கீறான், மெயிண்டனன்ஸ்ல கீறான்னு ஊரு பூரா சொல்லிக்கினு திரியறேன். அப்டின்னா இன்னாடி?”

மிஷினைப் பழுது பார்க்கிற வேலை என்று சொல்லி முடித்திருக்கலாம். எனக்கும் ஒரு ஆசை, டிக்‌ஷனரியைப் புரட்டினேன். மெயின்டெய்ன் என்ற சொல்லின் முன்பாதி லத்தீனில் கை, பின்பாதி பிடித்திருப்பது என்று போட்டிருந்தது.

“கையில புடிச்சிக்கினு இருக்கறது, அத்தை.”

உரிப்பதை நிறுத்திவிட்டார். “வுடாமலா?”

“விடாம.”

“அதான பாத்தேன்” என்றார். அந்தத் தொழிற்சாலை ஓடுவதே தன் மகன் கையில் பிடித்திருப்பதால்தான் என்ற செய்தி அன்று சாயங்காலமே தெரு முழுக்கப் பரவிவிட்டது.

மெயின்டெய்ன் என்ற சொல்லின் வால் டி, ஏ, ஐ, என் என்ற நாலு எழுத்து. அதே வால் இன்னும் பல சொற்களில் இருப்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, மாமியார் கேட்ட ஒரே கேள்வி, “இது அதுக்கு இன்னா வேணும்?” என்பதுதான். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு யார் பங்காளி, யார் யாருக்குப் பெண் கொடுக்கலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு ஆளைப் பார்த்தால் முதலில் உறவு, பிறகுதான் பேர்.

கன்டெய்ன் என்றால் சேர்த்துப் பிடித்து அடக்கி வைப்பது. “பங்காளி” என்றார். ரிடெய்ன், கைவிட்டுப் போகாமல் பிடித்து வைத்துக்கொள்வது. “பங்காளி.” சஸ்டெய்ன், கீழே விழாமல் அடியிலிருந்து தாங்கிப் பிடிப்பது. “இது மூத்த புள்ள மாதிரி கீது” என்றார். டிடெய்ன், போகிறவரைப் போகவிடாமல் பிடித்து நிறுத்துவது. அதற்கு முகத்தைச் சுளித்தார். “எல்லா வம்சத்துலயும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கும். இன்னா பண்றது, அதுவும் பங்காளிதான்.”

அடுத்ததாக மவுண்டன் வந்தது. எழுத்துக் கூட்டிப் பார்த்தால் அதே வால். சந்தோஷமாக அதையும் சேர்த்துவிட்டேன். மலைதானே, பூமியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று நானே ஒரு கதையும் கட்டிவிட்டேன்.

“புஸ்தகம் அப்டி சொல்லுதா?” என்றார் மாமியார். “வூட்ல சாவு வுழுந்தா இது தல முழுவுமா?”

எங்களில் பங்காளி வீட்டில் சாவு என்றால் எந்த ஊரில் இருந்தாலும் தலை முழுகியாக வேண்டும், தீட்டு. மற்றவர்கள் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போகலாம். டிக்‌ஷனரியைப் பார்த்தேன். மவுண்டன் வேறு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அந்தச் சொல்லுக்கே மலை என்றுதான் அர்த்தம். பிடிப்பதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

“முழுவாது அத்தை.”

“மூஞ்சி ஒரே மாதிரி இருந்தா பங்காளியாயிடுமா? எடு வெளியே.”

கேப்டனும் வெளியே போனான். அவன் தலை என்ற சொல்லின் வழி வந்தவன். ஜன்னலில் தொங்குகிற கர்ட்டனும் போனது. அர்த்தத்தில் இவ்வளவு நெருங்கி வருகிற அட்டெய்ன்கூட, தேடிப் பார்த்தால், தொடுவது என்ற வேறு சொல்லின் வாரிசு. எனக்கு அது ரொம்ப வருத்தம். மாமியாருக்கு வருத்தமெல்லாம் இல்லை. “சம்பந்தி வழில வந்திருக்கும். வந்தா மோரு குடுத்து அனுப்பு” என்றார்.

இப்படியே வால் வாலாக, தலை தலையாக, எத்தனையோ குடும்பங்களைத் தேடிப் பிடித்தோம். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி மனப்பாடம் செய்தும் நிற்காத சொற்கள், யாருக்கு யார் என்ன வேணும் என்று தெரிந்ததும் மனதில் உட்கார்ந்துவிட்டன. பாஸ் என் பையில் இருக்கிறது என்ற மிதப்பில்தான் காஞ்சிபுரத்துக்குப் பரீட்சை எழுதப் போனேன்.

கேள்வித்தாளில் சில சொற்களுக்கு அர்த்தம் கேட்டிருந்தார்கள். அதில் ஒன்று கன்டெய்ன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அர்த்தத்தை எழுதினேன். அது லத்தீன் என்று எழுதினேன். அதன் பங்காளிகளை வரிசையாக எழுதினேன். பார்ப்பதற்கு அப்படியே இருந்தாலும் மவுண்டன் இதில் சேராது என்று எச்சரிக்கையும் செய்தேன். அடுத்த சொல்லுக்கும் அதே சீர்வரிசை. நிமிர்ந்து பார்த்தால் பேப்பரை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கடிதமும் கட்டுரையும் அப்படியே நின்றுபோயின.

தேறியவர்களின் நம்பர்கள் அந்தக் காலத்தில் பேப்பரில் வரும். சுங்குவார்சத்திரம் டீக்கடையில் நின்று பார்த்தேன். என் நம்பருக்கு முந்தின நம்பர் இருந்தது. அடுத்த நம்பர் இருந்தது. என்னுடையது இல்லை. ஊருக்குள் நுழையும்போது மாமனாரின் அண்ணன், எங்களுக்கு நேர் பங்காளி, என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். “இன்னாம்மா, லண்டன் பஸ்ஸு கெளம்பலியா?” என்று கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்தேன். டிக்‌ஷனரியையும் பாடப் புத்தகங்களையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். உரல் மேல் ஏறிப் பரணில் தள்ளினேன். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கொல்லைக்குப் போனேன். அன்று நான் கொத்திய கொத்தில் களையோடு எத்தனை வேர்க்கடலைச் செடி போயிற்றோ, அந்தக் கணக்கை மாமியார் கேட்கவே இல்லை.

பொழுது சாயத் திரும்பி வந்தால், கட்டு கூடத்தில் கிடந்தது. கயிறு அவிழ்ந்திருந்தது. டிக்‌ஷனரி மேல் தூசு துடைத்த ஈரம்கூடக் காயவில்லை.

“இத யாரு எறக்குனது?”

“நான்தான். உரலு மேல ஏறுனதுல இடுப்பு புடிச்சிக்கிச்சி. சோத்த நீயே போட்டுத் தின்னு.”

“ஒரு தபாதான்னு நீங்கதான சொன்னீங்க?”

“சொன்னவ நானு. மாத்திச் சொல்றவளும் நானு. நடுவுல உனக்கு இன்னா வந்துது?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பரிதாபப்பட்டு யாரும் எனக்கு எதுவும் தர வேண்டாம் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை.

“நான் மூஞ்சி சுளிச்ச ஒண்ணு இருந்துதே, டிடெய்னோ இன்னாவோ. அதுக்கு இன்னா அர்த்தம் சொன்ன?”

“போகவிடாம புடிச்சி நிறுத்தறது.”

“உம் மாமனார் செத்தப்ப இந்தப் பங்காளிங்க அதத்தான் பண்ணாங்க. பொறந்த வூட்டுக்கும் போவ வுடல. கொல்லைல எறங்கி என் சோத்த நானே வெளைச்சிக்கவும் வுடல. கைப்புள்ளய வெச்சிக்கினு மூலைல குந்தியிருந்தேன். அந்த வேலைய நான் உனக்குப் பண்ண மாட்டேன். ஒரு தபான்னு சொன்னது எந் தப்பு.”

சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அழுதேன். தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்திவிட்டு, “அவ்ளோ படிச்சியே, எப்டி கோட்டை வுட்ட?” என்றார். நடந்ததைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

“அவன் ஒருத்தனத்தான கேட்டான்? கல்யாணத்துக்குப் பாக்கு வெக்கிற மாதிரி ஊரயே எதுக்குடி கூப்ட்ட?”

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

அடுத்த முறை கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினேன். கட்டுரையை முதலில் எழுதினேன். ரிசல்ட் வருகிற அன்று மாமியார் தானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஏரிக்கரையில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். டீக்கடையில் பேப்பரைக் கையில் வாங்கினேன். தேடினேன். இருந்தது.

“இதுதாங்க அத்தை.”

“எது? சரியாக் காட்டு.”

காட்டினேன். அந்த நம்பர் மேல் தன் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இது என் மருமகள் என்று யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அன்று அந்த முகத்தில் பார்த்த பெருமையை வேறு எங்கும் பார்த்ததில்லை.

அதற்குள் பஸ்ஸுக்கு வந்தவர்கள் நாலைந்து பேர் பேப்பருக்குக் காத்திருந்தார்கள். கடைக்காரர் கையை நீட்டினார். “பாத்தாச்சில்ல? குடும்மா பேப்பர.”

மாமியார் விரலை எடுக்கவில்லை.

“இரு நைனா” என்றார். “புடிச்சிக்கினு கீறேன், தெரியல?”