ஹேண்டிலைத் திருப்பியது நான்தான்

என் வீட்டுக்காரர் எனக்கென்று விட்டுப்போன வாடகைக் கார், காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை கக்கியது. மறுநாள் அழகர்கோவிலுக்குக் கல்யாண வீட்டாரை ஏற்றிப்போக வாக்குக் கொடுத்திருந்தேன். சமயநல்லூர் மெக்கானிக் பாண்டி, "இஞ்சினை இறக்கணும் ஆத்தா" என்றான்.

"ஓடும்போது புகை இல்லையே. எண்ணெய் உள்ள கசியாமப் பிடிக்கிற வால்வு சீல்தான் போயிருக்கு."

"படிச்சவுக சொல்லிட்டீக" என்று சிரித்தான்.

"எழுத்துத்தான் எனக்குத் தகராறு. புகை நல்லாத் தெரியும். சீல் மட்டும் மாத்து."

சீல் இருப்பது வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில்; ஸ்பிரிங்கைக் கழற்றினால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடும். அதனால் ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகக் கயிற்றைத் திணித்து, பிஸ்டனை மேலே ஏற்றி, கயிறு வால்வுகளைத் தாங்கும்படி நிறுத்தினோம். பிஸ்டனை ஏற்றி இறக்கும் ஹேண்டிலைச் சுற்றியது நான். ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வு. ஒன்று முடிந்ததுமே இரண்டும் முடிந்ததென்று நினைத்து ஹேண்டிலைத் திருப்பிப் பிஸ்டனை இறக்கிவிட்டேன். ஸ்பிரிங் இன்னும் மாட்டாத இரண்டாவது வால்வு சரசரவென்று இறங்கியது. பாண்டி நுனியை விரலால் பிடித்துவிட்டான். விழுந்திருந்தால் இஞ்சினைப் பிரித்துத்தான் எடுத்திருக்க வேண்டும். என் வாக்கும் போயிருக்கும்.

"வீட்டுக்குப் போங்க ஆத்தா. இது உங்களுக்கு ஆகாது."

"தப்பு என்னுது, ஒத்துக்கிறேன். அதுக்காக எங்கயும் போகமாட்டேன். வேலையப் பாரு."

மீதி மூன்று சிலிண்டருக்கும் நானே சுற்றினேன். மறுநாள் காலை புகை இல்லை. கல்யாண வீட்டார் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போதெல்லாம் இந்த வேலைக்குக் கூட நிற்கும்போது, இரண்டு ஸ்பிரிங்கையும் தொட்டுப் பார்த்த பிறகே ஹேண்டிலில் கை வைக்கிறேன். பாண்டி பட்டறையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.