இடம் மாறிய கொம்பு

என் தம்பி ஒல்லிக்குச்சி. அலுவலகத்தில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் 'தடியெழுத்து'. கணினியில் நிரல் எழுதுவது அவன் பிழைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு தாள் தருவார்களே, எந்த மருந்தை எப்போது சாப்பிடுவது என்று, அந்தத் தாளை அவன் நிரல்தான் பிடிஎஃப் ஆக்கித் தரும். தலைப்பு எத்தனை பெரிது, மருந்தின் பெயர் என்ன நிறம், எச்சரிக்கை எவ்வளவு தடிப்பு என்று ஒவ்வொன்றையும் அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். ஒன்பது மாதம் அதிலேயே கிடந்தான். தாள் நல்லபடியாகப் போனால் வேலை நிரந்தரம் என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அச்செடுத்த தாளை என் தையல் மெஷின் மேல் வைத்துப் படிக்கச் சொன்னான். மற்ற வரிகள் வந்துவிட்டன. தடித்த எழுத்து வரியில்தான் நாக்கு இடறியது.

"ஏன்டா, இந்தக் கொம்பெல்லாம் எழுத்துக்கு முன்னாடி நிக்காம பின்னாடி போய் நிக்குது?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. சட்டைக்கு ஒரு துணி, காலருக்கு வேறு துணி வைப்பது போலத் தடித்த எழுத்துக்குத் தனி எழுத்துரு வைத்திருந்தானாம். அதற்குக் கொம்பை முன்னால் கொண்டுவரத் தெரியவில்லை. 'வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது' என்ற எச்சரிக்கை முதல் எழுத்திலேயே உளறியது. படித்தவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். என்னைப் போன்றவர்கள்?

மறுநாள் மேலாளரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டான். தமிழை யார் எழுத்தெண்ணிப் படிக்கப் போகிறார்கள் என்றாராம். இவன் விடவில்லை. கடைசியில் எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"எல்லாரும் சரின்னுட்டாங்க. உனக்கு மட்டும் என்ன, கொம்பா முளைச்சிருக்கு?"

"எனக்கு முளைக்கல சார். தாள்லதான் தப்பான இடத்துல முளைச்சிருக்கு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அவனுக்கு வினையாக வந்தது.

தாள் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனது. யாரும் தப்பாகப் படித்து மருந்தைச் சாப்பிட்டுவிடக் கூடாதென்று ஆண்டவனிடம் தினமும் மன்றாடினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தம்பிக்காக வேண்டிக்கொள்ளத்தான் எனக்குத் தோன்றவில்லை.

இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு மருந்து கொடுக்கும் ஜன்னலில் வரிசை நிற்கிறது என ஆஸ்பத்திரி புகார் எழுதியது. எழுத்துக்குப் பொறுப்பு யார் என்று கம்பெனிப் பெரியவர்கள் கேட்டபோது மேலாளர் என் தம்பியைக் கைகாட்டினார். இரண்டு நாள் கேட்ட கதையை அவர் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. அந்த வாய்க்கு ஆண்டவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

வேலையைவிட்டு நீக்கும் கடிதத்தைத் தம்பி அதே மெஷின் மேல் வைத்தான். அலுவலகக் கடிதங்களுக்கும் அவன் நிரலையே வைத்துக்கொண்டார்களாம்; இதையும் அதுதான் ஆக்கித் தந்தது. தலைப்பு அவன் சொல்லிவைத்த அளவில், அவன் பெயர் அவன் சொல்லிவைத்த தடிப்பில். பெயரில் இரண்டு கொம்பு. இரண்டும் இடம் மாறி நின்றன. கூட்டிக் கூட்டிப் பார்த்தேன்.

"இது உன் பேரே இல்லையேடா."

"அதான்க்கா, வேற யாரையோ அனுப்பியிருக்காங்க."

பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக அடியில் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். பேனாவை எடுத்தவன், முதலில் இரண்டு கொம்பையும் அடித்து முன்னால் எழுதினான். பிறகுதான் கையெழுத்துப் போட்டான்.